காதால் மட்டும் தெரிந்த துவக்குகள்

1

சிசிலி, துவக்கு என்ற இரண்டு சொற்களையும் ஒரே கட்டுரையில் எழுதினால் ஊரில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சுடுவது காகிதத்தை. அதிலும் பெரும்பாலும் படுவதில்லை.

இதற்கெல்லாம் காரணம் என் வலது முழங்கால். பலேர்மோவின் லிபெர்த்தா பகுதியில், ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியை ஒருவரின் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். நாலாம் மாடி. மின்தூக்கி உண்டு. அதைத் திருத்துவது பற்றிக் குடியிருப்பாளர்கள் வருடா வருடம் கூட்டம் போட்டுக் கதைப்பார்கள். நான் படியால் ஏறுவேன். ஐம்பத்து நான்காவது வயதில் முழங்கால் மறுப்புத் தெரிவித்தபோது வைத்தியர், "உடம்பை அசைக்க வேண்டும், ஆனால் காலை அசைக்காத விளையாட்டாகப் பாருங்கள்" என்றார். அப்படி ஒன்று இருக்கிறதா என்று சிஞ்ஞோராவிடம், அதாவது அந்த ஆசிரியையிடம், கேட்டேன். அவர் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே, "என் கணவர் குறி பார்த்துச் சுடப் போவார். ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் நிற்பார். அதற்குக் கோப்பையெல்லாம் கொடுத்தார்கள்" என்றார்.

அசையாமல் நின்றால் பாராட்டுவார்கள் என்று ஒருவர் எனக்குச் சொன்னது இந்த நாட்டில் அதுவே முதல் தடவை. வீட்டு வேலை செய்பவன் அசையாமல் நின்றால் வேறு விதமாகத்தான் பார்ப்பார்கள்.

2

சுடுகழகம் நகருக்கு வெளியே, மலையடிவாரத்தில், எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. நீளமான கொட்டகை, அதற்குள் பன்னிரண்டு தடங்கள், இருபத்தைந்து மீற்றர் தள்ளிக் காகித இலக்குகள். சனிக்கிழமைகளில் போவேன். ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. அங்கும் அசையாமல் நிற்பதுதான், ஆனால் கோப்பை இல்லை.

பயிற்றுநரின் பெயர் தோத்தோ. ஓய்வுபெற்ற தபால்காரர். கண்ணாடி அவ்வளவு தடிப்பாக இருந்ததால் இவர் எப்படிக் குறி பார்க்கிறார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. நான் கையில் எப்போதும் ஒரு புத்தகம் வைத்திருப்பதைக் கண்டு முதல் நாளிலேயே எனக்குப் "புரொபெசோரே", பேராசிரியர், என்று பட்டம் சூட்டிவிட்டார்.

"முன்பு சுட்டிருக்கிறீர்களா, புரொபெசோரே?"

"இல்லை."

"தொட்டாவது?"

"இல்லை."

அப்போதுதான் கொட்டகைக்குள் யாரோ சுட்டார்கள். நாங்கள் வெளியே, கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றோம். நான் யோசிக்காமலே, "இடது பக்கம், கடைசிக்கு முதல் தடம்" என்றேன். மற்றொன்று வெடித்தது. "இது வேறு துவக்கு. பெரியது. வலது மூலை." மூன்றாவது வெடித்தது. "இது முதலாவதுதான். ஆனால் ஆள் மாறிவிட்டார்."

தோத்தோ கோப்பிக் கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மூன்றும் சரி. நீங்கள் எந்தப் படையில் இருந்தீர்கள்?"

எந்தப் படையிலும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நம்ப வைப்பதும் கடினம். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில் எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வயதுவரை துவக்குச் சத்தம் தினசரி இருந்தது. இராணுவம் இருந்த கோட்டையில் ஷெல் குத்துகிற, அதாவது ஏவுகிற, சத்தம் கேட்டால் எண்ணத் தொடங்குவோம். எத்தனை எண்ணுவதற்குள் விழுகிறது என்பதை வைத்துத் திசை சொல்வோம். ஹெலிகொப்டரிலிருந்து சுடுவது வேறு, காவலரணில் சுடுவது வேறு, பயந்தவன் சுடுவது வேறு, பொழுதுபோகாதவன் சுடுவது வேறு. எங்கள் தெருவில் இதை யாரும் திறமையாகக் கருதியதில்லை. வானத்தைப் பார்த்து மழை வருமா என்று சொல்வது போல ஒன்று. ஆனால் ஒரு துவக்கையும் நான் தொட்டதில்லை. கிட்ட நின்று பார்த்ததும் குறைவு. எட்டு வருடம் வானொலி கேட்டவன் பாடகரின் முகத்தைக் காணாதது போலத்தான்.

கழகத்தில் இது எனக்கு ஒரு மதிப்பைத் தந்தது. சனிக்கிழமைகளில் என்னைச் சுவருக்கு வெளியே நிறுத்திவைத்துப் பந்தயம் பிடித்தார்கள். தோற்றவர் கோப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும். அந்த மாதங்களில் எனக்கு நித்திரை வராததற்குக் கடந்த காலம் காரணமில்லை, கோப்பிதான்.

சுடுவது வேறு விஷயம். முதல் நாள் இருபத்திரண்டு கலிபர் கைத்துப்பாக்கி ஒன்றைத் தந்தார்கள். தும்மல் மாதிரி ஒரு சத்தம். இதையா இவ்வளவு வருடம் ஒளிந்திருந்து கேட்டோம் என்று தோன்றியது. ஐந்து குண்டு சுட்டேன். என் காகிதம் சுடுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பக்கத்துத் தடத்தில் நின்ற பல் வைத்தியர் மட்டும் எனக்கு நன்றி சொன்னார். அவருடைய இலக்கின் நடு வட்டத்தில் அவர் சுடாத ஓட்டை ஒன்று இருந்தது.

3

கழகத்துத் துவக்குகளில் ஆயிரம் பேரின் வியர்வை இருக்கும். ஐந்து மாதம் ஆனதும், "உங்களுக்கென்று ஒன்று எடுங்கள், கை பழகும்" என்றார் தோத்தோ. அனுமதிப்பத்திரம் வருவதற்கு முன்பே போய்ப் பார்த்து வைக்கலாமாம்.

கடைக்காரி எழுபது வயது மதிக்கத்தக்க பெண், கழுத்தில் முத்துமாலை. பச்சைத் துணி விரித்து மூன்று கைத்துப்பாக்கிகளை வைத்தார், நகைக்கடையில் வைப்பது போல. முதலாவதன் பிடி பெரிய ஆட்களுக்குச் செய்தது. என் விரல்கள் அதைச் சுற்றிப் போய்ச் சேரவில்லை. இரண்டாவது ஒன்பது மில்லிமீற்றர்.

"இதன் சத்தம் எப்படி?" என்று கேட்டேன்.

"சத்தமா? எடையைக் கேட்பார்கள், விசையைக் கேட்பார்கள். சத்தத்தை யாரும் கேட்டதில்லையே."

வெடிக்காத போலிக் குண்டு ஒன்றை உள்ளே போட்டு, தட்டை இழுத்து விட்டு, விசையை அழுத்திக் காட்டினார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். போர்கோ வெக்கியோ சந்தையில் என் மனைவி செலின் தேங்காய் வாங்கும்போது காதடியில் வைத்துத் தட்டுவாள். சந்தைக்காரன் ஒவ்வொரு முறையும், "சிஞ்ஞோரா, உள்ளே யாரும் இல்லை" என்பான். நான் அவளுக்காக வெட்கப்பட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்பேன். இப்போது அதையே இத்தாலிக்காரியின் கடையில் நான் செய்துகொண்டிருந்தேன்.

ஒன்பது மில்லிமீற்றர் எனக்கு வேண்டாம் என்று பட்டது. தெரிந்த குரல். அந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது.

மூன்றாவது பழையது. இருபத்திரண்டு கலிபர், மரப்பிடி. யாரோ வங்கி எழுத்தர் வைத்திருந்து, கை நடுங்கத் தொடங்கியதும் திருப்பிக் கொடுத்ததாம். தட்டு நகரும்போது மேசை இலாச்சி மூடுகிற சத்தம். எங்கேயும் கேட்டிராத சத்தம். "இது" என்றேன். கடைக்காரி ஒரு சீட்டில் என் பெயரை எழுதி, மூன்று முறை எழுத்துக்கூட்டச் சொல்லி, அதன் கழுத்தில் கட்டினார். "பத்திரத்தோடு வாருங்கள்."

4

பத்திரம் என்றால் குவெஸ்தூரா, பொலிஸ் தலைமையகம். இத்தாலியில் எங்கள் ஆட்களின் வாழ்க்கை அந்தக் கட்டடத்தின் வரிசையில் தொடங்குகிறது. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுக்க, புதுப்பிக்க, பிறகு குடியுரிமைக்கு. குடியுரிமை கிடைத்த அன்று இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். துவக்கு வாங்க வேண்டுமென்று பிற்காலத்தில் ஆசைப்படுவேன் என்று யார் கண்டது?

பயிற்சிச் சான்றிதழ், குடும்ப வைத்தியரின் சான்றிதழ், அதற்கு மேல் அரசாங்க வைத்தியரின் சான்றிதழ். அவர் என் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார். "காது மிக நன்றாக இருக்கிறது" என்றார். நான் அடக்கமாக இருந்தேன். கடைசியாக, வீட்டில் சேர்ந்து வாழும் வயதுவந்தவர்களுக்கு அறிவித்துவிட்டேன் என்று ஒரு படிவம். அறிவித்தேன்.

"துவக்கோ? வீட்டுக்கையோ?" என்றாள் செலின்.

"காகிதத்துக்குச் சுடுறது. சின்னது."

"இஞ்சாருங்கோ, நாங்கள் அங்கையிருந்து ஓடி வந்ததே துவக்குக்குப் பயந்துதான். நீங்கள் இஞ்சை காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறியள்."

"இரும்புப் பெட்டிக்கை பூட்டி வைக்க வேணுமாம்."

"அப்ப நல்லது. உங்களையும் அதுக்கை வைச்சுப் பூட்டலாம்."

மற்ற வயதுவந்தவர் எங்கள் மகள் றோசா. இருபத்துமூன்று வயது, சட்டம் படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் வரும், ஆனால் விருந்தாளி வருவது போல வரும், சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். படிவத்தை இரண்டு பக்கமும் வாசித்துவிட்டு, "பப்பா, நீங்கள் துவக்குப் பிடிச்சது போதாதோ?" என்றாள்.

நான் சிரித்து மழுப்பினேன். அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது.

5

நான் பலேர்மோவுக்கு வந்தபோது போர்கோ வெக்கியோவில் ஓர் அறையில் ஏழு பேர் இருந்தோம். அகதி விண்ணப்பத்துக்கு வாக்குமூலம் வேண்டும். அதை எழுதித் தருவதற்கு ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்போம். என்னைக் கட்டிலில் இருத்திக் கேட்டார்:

"தம்பி, உமக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை, மாஸ்டர். செல்லடி. பங்கருக்கை இருந்தனாங்கள்."

"அது எல்லாருக்கும் நடந்தது. எல்லாருக்கும் நடந்ததைச் சொன்னால் ஒருத்தருக்கும் ஒண்டும் தரமாட்டாங்கள்."

ஆகவே எனக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டது. இரவில் ஆறு பேர் வந்தார்கள். கண்ணைக் கட்டிக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் ஆயுதப் பயிற்சி. ஒரு மழைநாளில் நான் தப்பி ஓடினேன். பிறகு இராணுவம் தேடியது. நல்ல நடை. அறையிலிருந்த ஏழு பேருக்கும் அதே வரலாறுதான், மழைநாள் உட்பட. அவ்வளவு பேரும் ஒரே இரவில் ஓடியிருந்தால் காட்டில் நெரிசல் ஏற்பட்டிருக்கும். இத்தாலிய மொழியில் எழுதித் தந்ததை நாங்கள் மனப்பாடம் செய்தோம். அதை நம்பி எனக்கு யாரும் எதுவும் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விண்ணப்பம் கிடப்பில் கிடந்தது. பிறகு அரசாங்கம் பத்திரமில்லாதவர்களுக்குப் பொதுவாகப் பத்திரம் கொடுத்தபோது வரிசையில் நின்று நானும் வாங்கினேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் றோசாவுக்குப் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை கொடுத்தார்கள்: உன் தந்தை எப்படி இந்த நாட்டுக்கு வந்தார்? அவள் இத்தாலிய மொழியில் கேட்டாள். இத்தாலிய மொழியில் என் வாழ்க்கையைப் பற்றி எனக்குத் தெரிந்தது மாஸ்டரின் கதை ஒன்றுதான். வாயைத் திறந்தேன், தடங்கலில்லாமல் வந்தது. வகுப்பில் ஆசிரியை அழுதாராம். முழுப் புள்ளி. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அவள் சட்டம் படிக்கப் போனாள், அகதிகளுக்காக வாதாடப் போகிறாளாம். நாளைக்கு என்பது பத்து வருடமாகிவிட்டது. செலினுக்கு உண்மை தெரியும். "நீங்கள் சொன்னதை நீங்கள்தான் திருத்த வேணும்" என்று ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

6

குவெஸ்தூராவிலிருந்து கடிதம் வந்தது: விளக்கம் தேவை, நேரில் வரவும். றோசா தானும் வருவேன் என்றாள். வேண்டாம் என்றேன். "பப்பா, இது என்ரை படிப்பு" என்றாள்.

அதிகாரி இளம்பெண், மரியாதையானவர். றோசாவுக்கும் ஒரு கதிரை போடச் சொன்னார். மேசையில் மட்டை போட்ட கோப்பு ஒன்று. முதல் பக்கத்தில் இருபத்திரண்டு வயது மீசைக்காரன் ஒருவனின் படம். அவனை எனக்கு மட்டுமட்டாகத்தான் அடையாளம் தெரிந்தது.

"இதை நீங்கள்தான் சொன்னீர்களா?" என்று கேட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கினார். "இரவு பதினொரு மணியளவில் ஆறு பேர்…"

பக்கத்தில் றோசாவின் உதடுகள் அசைவதைக் கண்டேன். அதிகாரி வாசிக்க வாசிக்க அவள் சத்தமில்லாமல் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டுரையை அவள் ஒரு சொல் மாறாமல் வைத்திருக்கிறாள்.

அதிகாரி கோப்பை மூடினார். "பாருங்கள், சிஞ்ஞோர். இது உண்மையென்றால், நீங்கள் ஆயுதக் குழு ஒன்றிடம் பயிற்சி பெற்றவர் என்று நான் எழுத வேண்டும். பொய்யென்றால், இந்த அலுவலகத்துக்குப் பொய் வாக்குமூலம் கொடுத்தவர் என்று எழுத வேண்டும். பழைய விஷயம், இதற்காக யாரும் உங்களைத் துரத்தப் போவதில்லை. ஆனால் படிவத்தின் இந்தக் கட்டத்துக்குள் நான் ஏதாவது எழுதித்தான் ஆகவேண்டும்."

"இரண்டில் எது துவக்குக்கு நல்லது?"

"இரண்டும் நல்லதில்லை."

ஆக, மரப்பிடித் துவக்கு கையைவிட்டுப் போய்விட்டது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதினாலும் அது மாறப்போவதில்லை. மிச்சமிருந்தது பக்கத்துக் கதிரை மட்டும். "உண்மை" என்று ஒரு சொல் சொன்னால் அந்தக் கதிரையில் எல்லாம் இருந்தபடியே இருக்கும். மாஸ்டர் அன்று பொய்யை எழுதினார், நான் மனப்பாடம்தான் செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். இன்று சொன்னால் அது முழுக்க என்னுடையதாகிவிடும். அவள் நாளைக்கு நீதிமன்றத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லவும் கூடும்.

"பொய்" என்றேன். "என் பெயரும் பிறந்த இடமும் சரி. மற்றதெல்லாம் ஒருவர் எழுதித் தந்தது. எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான் சத்தம் மட்டும்தான் கேட்டேன்."

அதிகாரி எழுதினார். றோசாவின் உதடுகள் அசையவில்லை.

வெளியே வந்ததும் நான் பேருந்துத் தரிப்பை நோக்கித் திரும்பினேன். "நீங்கள் போங்கோ. நான் நடந்து வாறன்" என்றாள். மறு பக்கமாகத் திரும்பி நடந்தாள்.

7

அதற்குப் பிறகு மூன்று கிழமை அவள் எங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் போல நடந்துகொண்டாள். காலையில் போன்ஜோர்னோ. மாலையில் போனசேரா. உப்பு வேண்டுமென்றால் தாயிடம் கேட்பாள், உப்பு என் முன்னால் இருந்தாலும். செலின் இரண்டு பக்கமும் பேசவில்லை. உப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

கழகத்தில் நான் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியென்றால் நீங்கள் உண்மையிலேயே எந்தப் படையிலும் இல்லையா?" என்றார் தோத்தோ. அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம். உறுப்பினன் என்ற முறையில் கழகத்துத் துவக்கால் தொடர்ந்து சுடலாம். சுட்டேன். ஒன்றும் படவில்லை, பல் வைத்தியருக்கும் அன்று நன்றி சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு மறுப்புக் கடிதம் வந்தது. நம்பகத்தன்மை போதாது என்பது சாரம். இத்தனை முத்திரையோடு என்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு சரியாக எழுதி நான் கண்டதில்லை. அதைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

ஞாயிறு மத்தியானம் பூசை முடிந்து வந்து நான் உட்கார்ந்ததும் றோசா கணினியைக் கொண்டுவந்து எதிரே வைத்தாள்.

"மேன்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கு" என்றாள், தமிழில்.

"விடு பிள்ளை. எனக்குத் துவக்கு வேண்டாம்."

"எனக்கும் வேண்டாம். நான் அந்தக் கதையைப் பத்து வருசமா ஆக்களுக்குச் சொல்லித் திரிஞ்சனான். புரொபெஸ்ஸொரேஸ்ஸா அழுதவ. என்ரை சிநேகிதியள் அழுதவை. இப்ப எனக்கு வேறை ஒண்டு வேணும். சொல்லுங்கோ, என்ன நடந்தது?"

"சொன்னனே, ஒண்டும் நடக்கேல்லை."

"அந்த ஒண்டும் நடக்காததைச் சொல்லுங்கோ."

இத்தாலிய மொழியில் தொடங்கினேன். வரவில்லை. "தமிழிலை சொல்லுங்கோ, நான் மாத்திறன்" என்றாள். மாதா கோயில் வளவுக்குள் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர், நான்கு குடும்பம், ஆளுக்கு ஒரு இடம். ஷெல் குத்தினால் எண்ணுவது. ஹெலி போனால் மூச்சைப் பிடிப்பது, மேலே கேட்கும் என்பது போல.

"எட்டு வருசம்" என்றேன்.

"ஏழு" என்றாள் செலின், போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டே. "கடைசி வருசம் நீங்கள் கொழும்பிலை. நாங்கள்தான் இருந்தனாங்கள்." அவள் குடும்பம் அந்த நான்கில் ஒன்று.

றோசா நிறுத்தித் தாயைப் பார்த்தாள். "நீங்களும் அதுக்கையோ அம்மா?"

"பின்னை எங்கை? இவருக்குப் பக்கத்திலை. அப்ப எனக்குப் பத்து வயசு."

றோசா இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்தாள். நடுவில் எனக்குத் தொலைபேசி வந்தது, எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது தாயும் மகளும் தணிந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் செலின் போஞ்சிக்குத் திரும்பினாள்.

றோசா அச்செடுத்துத் தந்தாள். ஒன்றரைப் பக்கம். ஆறு பேர் வரவில்லை, காடு இல்லை, மழை இல்லை. வாசிக்கும்போது எங்காவது ஓர் இராணுவத்தானையாவது நுழைத்தால் நல்லது என்று கை துறுதுறுத்தது.

"இது பலமான கேஸ் இல்லை" என்றேன்.

"ஓம், இல்லை" என்றாள். பேனாவை நீட்டினாள்.

இரண்டாம் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, நான் சொல்லாத ஒரு வாக்கியம் இருந்தது. துவக்குச் சத்தம் கேட்கும்போதெல்லாம் விண்ணப்பதாரர் மிகவும் பயந்திருந்தார். இருட்டில் பக்கத்திலிருந்த சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். எண்ணி முடிந்த பிறகும் விடமாட்டார்.

"இதை நான் சொல்லேல்லையே."

"நீங்கள் சொல்லேல்லை. அம்மா சொன்னவ."

செலின் நிமிரவில்லை. போஞ்சி ஒரே அளவாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன், பிழை ஏதும் இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.